அத்தானின் பாட்டுப் பெட்டி

ஓசூரிலிருந்து கெலவரப்பள்ளிப் பக்கம் நீங்கள் எப்போதாவது போயிருக்கிறீர்களா? போனால் அணைக்கட்டின் அருகே ஒரு காட்சியைப் பார்க்கலாம். முதலில் வேடிக்கையாக இருக்கும். விவரம் தெரிந்த பிறகு வேதனையாக இருக்கும்.

நந்தி மலைப் பக்கம் பிறக்கிற தென்பெண்ணை ஆறு, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் கழிவு நீரையும் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அதை முதலில் தேக்கி நிறுத்துவது கெலவரப்பள்ளி அணை. 44.28 அடி நீர் நிற்கக் கூடியது. மதகைத் திறந்து தண்ணீர் விழுந்து புரளும் நாட்களில், ஆற்றின் மேல் வெள்ளை வெளேரென்று நுரை பொங்குகிறது. ஊரிலுள்ள இலவம்பஞ்சு மெத்தைகளை எல்லாம் பிரித்துக் கொட்டியது போல மிதந்து போகிறது.

அந்த நுரையைத் தாண்டித்தான் என் அக்காள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள்ளும் ஒரு நுரை காத்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அக்காளின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பத்து நாள் முன்னதாகவே வரச் சொல்லியிருந்தாள். வாசற்படி ஏறுகிறேன், உள்ளே ‘கர்ர்ர்... புர்ர்ர்...’ என்று ஒரு சத்தம். காப்பிக் கொட்டை அரைக்கிறார்களோ என்று நினைத்தேன்.

“காப்பிக் கொட்டையாவது! உங்க அத்தானோட பாட்டுப் பெட்டிடி அது” என்றாள் அக்காள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

கிரைண்டரா, பெட்டியா?

அந்தப் பெட்டிகளின் கதையை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அத்தான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஓசூர் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த ஊர். 1980-ல் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் ஓட ஆரம்பித்தது. சில ஆண்டுகளில் டைட்டன் கைக்கடிகாரமும் வந்து சேர்ந்தது. கையில் சம்பளம், தீபாவளிக்குப் போனஸ், 40 கிலோ மீட்டரில் பெங்களூர்க் கடைவீதி! இளம் குடும்பங்களுக்குக் கேட்பானேன்?

1987 தீபாவளி போனஸில் ஒரு கிரைண்டர் வாங்குவதென்று அக்காள் முடிவு செய்து வைத்திருந்தாள். அத்தான் காலையில் பெங்களூருக்குப் போனார். மாலையில் ஒரு வாடகை வேனில் திரும்பினார். வேனிலிருந்து இறங்கியது கிரைண்டர் அல்ல. இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப் பெட்டிகள், ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு ரிக்கார்டு பிளேயர்! அக்காள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் காலையில் அவர் எம். எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாத ரிக்கார்டைப் போட்டார். அக்காள் அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். அதோடு கோபம் போயிற்று.

அந்த நாளில் இறக்குமதி வரி மிகக் கடுமை. 1991-க்குப் பிறகுதான் வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கின. அதற்கு முன் ‘ஹை-ஃபை’ வேண்டுமென்றால் வளைகுடா நாட்டிலிருந்து யாராவது கொண்டு வர வேண்டும். அல்லது சென்னை பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும். அல்லது நம் நாட்டிலேயே செய்ததை வாங்க வேண்டும். கல்கத்தாவில் 1970-ல் தொடங்கிய சோனோடைன், அப்புறம் காஸ்மிக், நார்ஜ் என்று எத்தனை பெயர்கள்! உங்கள் வீட்டுக் கூடத்திலும் அப்படி ஒரு ஜோடிப் பெட்டி இருக்கலாம். இப்போது அதன் மேல் பூ ஜாடியோ கொலு பொம்மையோ உட்கார்ந்திருக்கும்.

அத்தான் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. நிச்சயதார்த்தத்தன்று அவருடைய பெட்டியில் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாதஸ்வர ரிக்கார்டு ஒலிக்க வேண்டும் என்பது அக்காளின் ஆசை. மூன்று வருஷமாக மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்து போட்டால், ‘கர்ர்ர்’ என்கிறது.

பிள்ளை செய்த வைத்தியம்

அக்காள் பிள்ளை கெட்டிக்காரன். ‘ஊஃபர் போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும்’ என்று அவனே தீர்மானித்துவிட்டான். பெங்களூருக்குப் போய், காருக்குள் வைக்கிற பெரிய ஊஃபர் ஒன்றை வாங்கி வந்தான். காந்தம் கல்சட்டி மாதிரி கனம். ‘300 வாட்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. ஒரு பெட்டியில் பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினான். காசு மீந்தால் இன்னொன்று வாங்குவதாக உத்தேசம்.

“கேள் சித்தி” என்று ரிக்கார்டைப் போட்டான். கேட்டேன். நாதஸ்வரம் கேட்டது; தவிலைக் காணோம்! வலந்தலையில் விரல் கூடுகள் அடிக்கிற ‘தகதக’ மட்டும் வந்தது. மறு பக்கம் கழியால் அடிக்கிற ‘தொம்’ எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு பெட்டியின் ஒயரைப் பிடுங்கினால் ‘தொம்’ கொஞ்சம் திரும்பி வருகிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஓடிவிடுகிறது. அரை மணியில் ஆம்ப்ளிஃபையர் தோசைக் கல்லாகச் சுட்டது.

“இது அவர் பெட்டி மாதிரியே இல்லையேடா” என்றாள் அக்காள். அவ்வளவுதான் சொன்னாள். பையனின் முகம் சுண்டிப் போயிற்று.

ஓசூர் ஊருக்குள் வயதான ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தெலுங்கு கலந்த தமிழில் பேசுகிறவர். வந்தார், பார்த்தார், முதலில் கேட்ட கேள்வி இதுதான்: “அம்மா, கழட்டின பழைய ஊஃபரை என்ன செஞ்சீங்க?”

பையன் விழித்தான். பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்காகச் சாக்கில் கட்டி வைத்திருந்தான். நல்ல வேளை! அத்தான் கை பட்ட சாமான் என்று அக்காள் அதை எடுத்துப் பரண்மேல் ஒளித்து வைத்திருந்தாள். அவள் மட்டும் அப்படிச் செய்யாதிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு விதமாக முடிந்திருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது?

மெக்கானிக் அன்று எங்களுக்கு ஒரு பாடமே நடத்தினார். நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், தயிர் கடையத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

பெட்டியின் முன்புறத் துணியை எடுத்தால் ஒரு பெரிய வட்டமும் ஒரு சிறிய வட்டமும் தெரியும். சிறியது ‘ட்வீட்டர்’. ஜால்ராவும் புல்லாங்குழலின் மேல் ஸ்தாயியும் அதன் பொறுப்பு. பெரியது ‘ஊஃபர்’. மிருதங்கத்தின் தொப்பி, தவிலின் ‘தொம்’, இளையராஜா பாட்டுக்களில் அடியிலேயே நடந்து வருகிற பேஸ் கிதார் எல்லாம் அதன் வேலை. பேஸ் கிதாரின் தடித்த தந்தி விநாடிக்கு சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. அத்தனை மெதுவான அதிர்வைக் காற்றுக்குக் கொடுக்க அகலமான தட்டு வேண்டாமா?

ஊஃபரில் இருப்பது ஒரு காகிதக் கூம்பு, ‘கோன்’ என்பார்கள். அதன் அடியில் செம்புக் கம்பிச் சுருள், ‘காயில்’. காயில் ஒரு காந்தத்தின் இடுக்கில் நிற்கிறது. பாட்டு மின்சாரமாக வந்து காயிலில் பாய்ந்ததும் காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. கோன் காற்றைத் தள்ளுகிறது. நமக்குப் பாட்டுக் கேட்கிறது. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-ல் வெளியிட்ட வழி இது. நூறு வருஷமாகியும் அடிப்படை மாறவில்லை.

கோன் தாராளமாக அசைய வேண்டும். ஆனால் ஓரத்தில் பிடிமானமும் வேண்டும். அதற்காகக் கோனையும் இரும்புச் சட்டத்தையும் இணைத்து ஒரு மெத்தென்ற வளையம் ஒட்டியிருக்கும். சிலவற்றில் அது ரப்பர். சிலவற்றில் பசை தோய்த்த துணி. 1970, 1980-களின் பெட்டிகள் பலவற்றில் அது ‘ஃபோம்’. அதாவது, நம் தலையணையில் இருக்கிறதே, அந்த நுரைப் பஞ்சின் இனம்.

மெக்கானிக் பழைய ஊஃபரின் வளையத்தை விரலால் லேசாகத் தொட்டார். அது பழைய அப்பளம் போலப் பொடிப் பொடியாக உதிர்ந்தது.

“இதுதாம்மா வியாதி. காத்து ஈரம், வெளிச்சம், வயசு. பதினஞ்சு இருபது வருஷத்துல இது தானா உதிரும். பெட்டியை உபயோகிச்சாலும் உதிரும், மூடி வச்சாலும் உதிரும். ஊஃபர் சாகலை. அதோட வளையம்தான் போச்சு.”

வெளியே ஆற்றில் கரைய மறுக்கிற நுரை. உள்ளே பெட்டியில் நிலைக்க மறுக்கிற நுரை! வளையம் போனதும் கோன் கோணலாக ஆடுகிறது; காயில் இடுக்கில் உரசுகிறது. அந்த உரசல்தான் ‘கர்ர்ர்’.

பெட்டிக்கும் ஊஃபருக்கும் பொருத்தம்

“அது சரி, புது ஊஃபர் போட்டால் என்ன? இன்னும் நன்றாகத்தானே இருக்க வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். பையனும் அதைத்தான் கேட்டான். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

பழைய காலத்தில் நல்ல கனத்த ஒலி வேண்டுமென்றால் துணி பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டியிருந்தது. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்ற ஆசிரியரும், அவருடைய மாணவரான ஹென்றி க்ளாஸ் என்பவரும் ஒரு யுக்தி செய்தார்கள். சிறிய பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தார்கள். ஊஃபரின் கோனை மிகத் தளர்வாகத் தொங்கவிட்டார்கள். கோன் உள்ளே போகும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று அமுங்கி, ஸ்பிரிங் போல அதைத் திருப்பித் தள்ளுகிறது. பெட்டிக் காற்றே ஊஃபரின் ஓர் உறுப்பாகிவிட்டது! ‘ஏ.ஆர்.-1’ என்ற அந்தப் பெட்டிக்குப் பிறகுதான் புத்தக அலமாரியில் அடங்கும் ஸ்பீக்கர்களிலும் மத்தளச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

வேறு சில பெட்டிகளில் முன்னாலோ பின்னாலோ ஒரு குழாய்த் துவாரம் இருக்கும். அது கோளாறல்ல, ஊதும் குழல் மாதிரி அதற்கும் ஒரு சுருதி உண்டு. எந்த ஊஃபருக்கு எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்பதை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961-ல் கணக்காக எழுதினார். 1970-களில் ரிச்சர்டு ஸ்மால் அதை விரித்து எழுதினார். இன்றும் நல்ல ஊஃபரோடு வரும் சீட்டில் இவர்கள் இருவர் பெயரால் அழைக்கப்படும் எண்கள் இருக்கும்.

நம் வித்வான்கள் இதைக் கணக்கில்லாமலே அறிந்தவர்கள். கச்சேரிக்கு முன்னால் மிருதங்கத்தின் இடப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புகிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? கனம் ஏற ஏறச் சுருதி இறங்குகிறது, ‘தொம்’ ஆழமாகிறது. வலப் பக்கத்துக் கரணையால் நாதம் எப்படி ஒழுங்குபடுகிறது என்று சர் சி. வி. ராமன் 1920-லும், பெங்களூருக்கு வந்த பிறகு 1934-லும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஊஃபரின் கோனுக்கும் இப்படி ஒரு சொந்தச் சுருதி உண்டு. அதன் கனத்தையும் வளையத்தின் விறைப்பையும் பொறுத்தது அது. தவில் தோலை மிருதங்கக் கட்டையில் கட்டினால் எப்படி இருக்கும்? அதைத்தான் பையன் செய்திருந்தான்.

பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் தப்ப முடியவில்லை. லண்டன் பி.பி.சி. ரேடியோ நிலையம் தன் உபயோகத்துக்காக 1970-களில் ‘எல்.எஸ். 3/5ஏ’ என்ற சின்னஞ்சிறு பெட்டியை வடிவமைத்தது. அதில் கெஃப் கம்பெனி ஊஃபர்தான் இருக்க வேண்டும் என்பது விதி. 1980-களின் பிற்பகுதியில் அந்த ஊஃபரின் குணம் சற்று மாறியது. உடனே பெட்டிக்குள் பாட்டைப் பிரித்துக் கொடுக்கும் ‘கிராஸோவர்’ என்ற மின் பகுதியையே மறுபடி வடிவமைக்க வேண்டி வந்தது. சொந்தக் கம்பெனி ஊஃபருக்கே அந்தப் பாடு என்றால், கார் ஊஃபருக்கு என்ன பாடு படவேண்டும்!

எங்கள் வீட்டில் நடந்தவை மூன்று தவறுகள். பழையது 8 ஓம். புதியது 4 ஓம். அதனால்தான் ஆம்ப்ளிஃபையர் சுட்டது. இரண்டாவது, கார் ஊஃபரின் விறைப்பும் கனமும் அந்தப் பெட்டிக்குப் பொருந்தவில்லை. மூன்றாவது, ஒயரைத் தலைகீழாக மாட்டிவிட்டான். ஒரு பெட்டி காற்றைத் தள்ளும் அதே நொடியில் மற்றது இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. தவில் காணாமற்போன மர்மம் இதுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டுப் பெட்டியும் கரகரக்கிறதா? கடைக்காரரிடம் போகுமுன் இவற்றைச் செய்து பாருங்கள்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு வலப் பெட்டியின் ஒயரை இடப் பெட்டிக்கும், இடப் பெட்டியின் ஒயரை வலப் பெட்டிக்கும் மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி பாட்டை வையுங்கள். கோளாறு அதே பெட்டியில் நின்றால் குற்றம் பெட்டியுடையது. அடுத்த பெட்டிக்குப் போனால் ஆம்ப்ளிஃபையரையோ பிளேயரையோ சந்தேகப்படுங்கள். ஊஃபர் மேல் பழி போடாதீர்கள்!

அடுத்து, முன் துணியை மெதுவாக எடுத்து டார்ச் அடித்து வளையத்தைப் பாருங்கள். பிளவு தெரிகிறதா? பிசுபிசுக்கிறதா? வளையம் நன்றாயிருந்தால், இரு கை விரல்களையும் கோனின் இரு புறமும் சமமாக வைத்து லேசாக அமுக்குங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் காயில் நலம். உரசினால் வைத்தியம் தேவை. மெக்கானிக்கிடம் மீட்டர் இருக்கும். 8 ஓம் என்று எழுதிய ஊஃபர் மீட்டரில் சுமார் 6 காட்டும்; அது சரியே. முள் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்துவிட்டது.

வளையம் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். ஊஃபரின் வெளி அகலம், கோனின் அகலம், வளைய மடிப்பின் அகலம் மூன்றையும் அளந்து சொன்னால் வளையம் கிடைக்கும். பழையது ஃபோம் என்றால் ஃபோமே போடுவது உத்தமம். ரப்பர் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கனமும் விறைப்பும் வேறானதால் ஊஃபரின் சுருதி மாறும். பழைய வளையத்தையும் பசையையும் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். காயில் நடுவில் நிற்பதற்கு இடுக்கில் மெல்லிய காகிதச் சீவல்களைச் செருகி ஒட்டுவார்கள். காய்ந்த பின்னும் வளைந்து கொடுக்கிற பசையே உகந்தது. ஒரு நாள் முழுதும் காயவிட வேண்டும். அவசரம் கூடாது.

காயில் எரிந்திருந்தாலும் ஊஃபர் முடிந்துவிடவில்லை. சட்டத்தையும் காந்தத்தையும் வைத்துக்கொண்டு கோன், காயில் முதலியவற்றைப் புதிதாகப் போடலாம். ‘கோன் கட்டுவது’ என்றால் பழைய மெக்கானிக்குகளுக்குப் புரியும். சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் விசாரித்தால் வழி பிறக்கும். காந்தம் கெடுவது அபூர்வம். ஊஃபரில் விலை உயர்ந்த சரக்கே அதுதான். அதையா பழைய இரும்புக்குப் போடுவது?

இவ்வளவும் பார்த்து, வேறு வழியே இல்லை, மாற்றத்தான் வேண்டும் என்றால், காந்தத்தின் கனத்தையும் வாட் எண்ணையும் பார்த்து மயங்காதீர்கள். துவாரத்தின் அளவும் பின்புற ஆழமும் பொருந்த வேண்டும். ஓம் ஒன்றாக இருக்க வேண்டும். சொந்தச் சுருதி பழையதற்கு அருகில் இருக்க வேண்டும். அடைத்த பெட்டிக்கு உரியதா, துவாரப் பெட்டிக்கு உரியதா என்று கேளுங்கள். எத்தனை டெசிபல் என்றும் கேளுங்கள். பழையதைவிட 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபையர் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். ட்வீட்டர் மட்டும் முன்னே நின்று கூச்சல் போடும். இவற்றோடு இன்னொன்று: மாற்றினால் இரண்டு பெட்டியிலும் மாற்றுங்கள். ஒரு காலில் வெள்ளிக் கொலுசும் மறு காலில் சதங்கையும் கட்டிக்கொண்டு யாராவது நடப்பார்களா?

ஒயரில் சந்தேகம் வந்தால் ஒரு 1.5 வோல்ட் டார்ச் செல்லை எடுத்து, பிளஸ்ஸை பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள். கோன் வெளியே வந்தால் சரி. (ஜே.பி.எல். கம்பெனியின் பழைய ஊஃபர்கள் சில இதற்கு நேர்மாறாக நடக்கும்.) இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்பதே முக்கியம்.

ஸ்குரூ கழற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காந்தத்தின் இழுப்பில் ஸ்குரூ டிரைவர் சறுக்கிக் கோனில் குத்திவிடும். மற்றக் கையால் அதன் நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே கண்ணாடிப் பஞ்சு இருந்தால் கையுறை போடாமல் தொடாதீர்கள், அரிப்புத் தாங்காது. அதை எடுத்து எறிந்துவிடவும் கூடாது. அதுவும் பெட்டியின் கணக்கில் சேர்ந்தது.

நம் வீட்டுப் பெண்கள் அன்றாடம் கவனிக்கக் கூடியவை சில. பெட்டியின் மேல் பூ ஜாடியும் எண்ணெய் விளக்கும் வேண்டாம். ஜன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் வைக்க வேண்டாம். ஈரத் துணியால் கோனைத் துடைக்க வேண்டாம். நடுவிலுள்ள குமிழைக் குழந்தைகள் விரலால் அமுக்குவதில் ஒரு தனி ஆனந்தம் காண்பார்கள். முன் துணியைக் கழற்றாமலே வைத்திருந்தால் அந்த வம்பில்லை.

தவில் திரும்பி வந்தது

அக்காள் பரணிலிருந்து இறக்கிய ஊஃபரையும், மற்றப் பெட்டியிலிருந்த அதன் ஜோடியையும் மெக்கானிக் எடுத்துப் போனார். இரண்டின் வளையமும் உதிரத் தொடங்கியிருந்தது. ஆறாம் நாள் கொண்டு வந்தார். கிராஸோவரில் வற்றிப் போயிருந்த இரண்டு கண்டென்சர்களையும் மாற்றினார். மொத்தச் செலவு பையன் வாங்கிய ஒரே ஒரு கார் ஊஃபரின் விலைகூட ஆகவில்லை. பாவம், அந்தக் கார் ஊஃபர் மட்டும் சாக்கில் கிடந்தது.

“நான் கெடுத்ததை நானே மாட்டறேன் சித்தி” என்று பையன் உட்கார்ந்தான். ஸ்குரூக்களை ஒரே பக்கமாக முறுக்கிவிடாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கும்படி மெக்கானிக் சொல்லிக் கொடுத்தார். டார்ச் செல் வைத்துப் பார்த்தான். இரண்டு கோனும் ஒரே சமயத்தில் வெளியே எட்டிப் பார்த்தன.

ரிக்கார்டு சுழன்றது. நாதஸ்வரம் எழுந்தது. அதன் அடியில், தரையோடு தரையாக, ‘தொம்’ என்று தவில் வந்தது. ஜன்னல் கம்பி மெல்ல அதிர்ந்தது. யாரும் பேசவில்லை.

அக்காள் அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக வந்தாள். 1987-ல் நின்ற அதே கதவோரத்தில் நின்றாள். ரிக்கார்டின் ஒரு பக்கம் முடிகிற வரையில் நகரவில்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது வேறு கதை.

“அம்மா, இப்போ சரியா இருக்கா?” என்று பையன் பயந்துகொண்டே கேட்டான்.

“சரியா இருக்குடா” என்றாள் அக்காள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “பார்த்தியாடி? கிரைண்டர் இதுவரை மூணு மாத்தியாச்சு. அன்னிக்கு அவர் அதை வாங்கியிருந்தா, இன்னிக்கு எனக்கு எது மிஞ்சியிருக்கும்?”

பழைய சாமான்காரர் அடுத்த முறை உங்கள் வாசலில் குரல் கொடுக்கும்போது, கூடத்து மூலையில் இருக்கும் அந்தப் பெட்டியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சை எடுத்து அதன் முன் துணியை விலக்கிப் பாருங்கள். போனது வெறும் நுரை வளையமாக இருக்கலாம்.